இடது காலில் இருந்த பிரேக்

என் அன்பு மாப்ள சோணைக்கு,

நீ போன இடத்தில் ரோடு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. இங்கே திருமங்கலம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாளைக் காலையில் அந்த ரோட்டில் நான் வண்டியில் போகப் போகிறேன். பின்னால் உட்கார்ந்து இல்லை, முன்னால் உட்கார்ந்து, நானே ஓட்டிக்கொண்டு. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று மில்லுக்கு வார லீவு. என் வீட்டுக்காரி நூரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பயத்தை யாரிடமாவது சொன்னால் குறையும் என்பார்கள். அதை வீட்டில் சொன்னால் இரண்டு மடங்காகிறது, மில்லில் சொன்னால் வருசம் பூராவும் என்னை வைத்து ஓட்டுவார்கள். மிச்சம் இருப்பது நீதான். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்கே ஒரு தரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆரப்பாளையத்திலிருந்து நீ வருவாய். காஜிமார் தெரு முக்கில் சாப்பாட்டுத் தூக்கோடு நான் நிற்பேன். உன் மோட்டார் சைக்கிள் சத்தம் உனக்கு முன்னாலேயே தெருவுக்குள் வந்துவிடும். வண்டியை நீ என்றைக்கு ஒழுங்காக நிறுத்தியிருக்கிறாய்? கொஞ்சம் மெதுவாக்குவாய், நான் தாவி ஏற வேண்டும். "ஏறு மாப்ள, சங்கு ஊதிரப் போறான்" என்பாய். அப்புறம் பழங்காநத்தம், திருப்பரங்குன்றம், திருநகர், கப்பலூர், திருமங்கலம் தாண்டி நம்ம மில். ஸ்பின்னிங்கில் நீ மேஸ்திரி, ஸ்டோர்ஸில் நான் கிளார்க். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த அந்தப் பயணம் நமக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நடந்தது. அந்த ரோட்டை நான் உன் இடது தோளுக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறேன். வலது பக்கத்தில் ஒரு அய்யனார் கோயில் இருக்கிறது என்பதே நீ போன பிறகு பஸ்சில் போகும்போதுதான் தெரிந்தது.

உன்னுடையது பழைய மாடல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மில் கிரவுண்டில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓட்டச் சொல்லித் தந்தாயே, அப்போது இதைத்தான் முதலில் சொன்னாய்: "வலது காலு வேகம், இடது காலு உசுரு. உசுர மட்டும் மறந்துறாத மாப்ள." அதற்குள் என் கல்யாண வேலை வந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். உன் பின்னால் உட்கார்ந்து போவது அவ்வளவு சுகமாக இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்? ஆனால் என் கால் கற்றுக்கொண்டுவிட்டது. முன்னால் நீ பிரேக்கை மிதிக்கிற போதெல்லாம் பின்னால் என் இடது காலும் ஃபுட்ரெஸ்டை மிதிக்கும். நீ திரும்பிப் பார்க்காமலே கேட்பாய்: "என்ன மாப்ள, பின்னாடி நீ தனியா ஒரு பிரேக் போடுற?" நானும் சிரிப்பேன். அந்தக் கால் இப்போது என்னைப் படுத்துகிற பாட்டைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன் வண்டி இன்ஜின் வேலைக்காக ஒர்க்ஷாப்பில் கிடந்த வாரம் அது. நாம் பஸ்சில் போய்க்கொண்டிருந்தோம். உன் பேச்சியின் அண்ணன் தவசி, திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறாரே, பதிவு பண்ணி வருசக்கணக்கில் காத்திருந்து ஒரு பெரிய ஸ்கூட்டர் எடுத்திருந்தார். அதைக் காட்டுவதற்காகவே மத்தியானம் மில் கேட்டுக்கு வந்தார். நீ சும்மா இருப்பாயா? அதுவரைக்கும் ஸ்கூட்டரில் ஏறியே பார்த்ததில்லை நீ. "குடுங்க மச்சான், கப்பலூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சாவியை வாங்கினாய். கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய்.

கப்பலூர் விலக்கில் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே திரும்பியது. அதைப் பார்த்தவர் அங்கே இருக்கிற டீக்கடைக்காரர். பிறகு நான் போய்க் கேட்டபோது சொன்னார்: "மாடு திரும்பி நிக்கிறது அவருக்கு நல்லாவே தெரிஞ்சிச்சுண்ணே. அம்புட்டுத் தூரம் இருந்துச்சு. ஆனா வந்த வேகத்துலயே வந்தாரு. ரோட்டுல ஒரு டயர் இழுவைகூட இல்ல." மீதியை எழுத எனக்கு மனசில்லை. உனக்கும் தெரிந்ததுதான்.

இழுவை இல்லை என்றால் பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம். ஊரே அப்படித்தான் சொன்னது. கைப்பிரேக்கைப் பிடித்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று நம்ம பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பயம், உனக்கும் இருந்தது. தவசி மட்டும், "புது வண்டிய்யா, பிரேக் நல்லா இருந்துச்சுய்யா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைத் தூக்கப் போகிற நேரத்தில் பேச்சி எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து, "பிரேக் இல்லாத வண்டியக் குடுத்து என் தாலிய அறுத்துட்டியேண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அவரும் வாய் திறக்கவில்லை.

அதோடு அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சு நின்றுபோனது. உனக்கு முப்பதாம் நாள் கும்பிட்டபோது தவசி தெருவில் நின்றுவிட்டுப் போய்விட்டார். இன்னொரு சேதியும் உனக்குச் சொல்ல வேண்டும், சந்தோசமான சேதிதான், ஆனால் சந்தோசமாகச் சொல்ல முடியவில்லை. உன் மகள் வசந்தி பெரிய மனுசியாகிவிட்டாள். தாய்மாமன் சீர் இல்லாமலே அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சீர்த் தட்டோடு தவசி வந்தார், பேச்சி கதவைத் திறக்கவில்லை. அவ்வளவு பேர் நின்ற இடத்தில் அந்த மனுசன் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் பழைய கதையாகியிருக்கும். ஆனால் போன தையில் ஸ்டோர்ஸையும் ஷிப்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆறு மணிக்கு நான் மில்லுக்குள் இருக்க வேண்டும். முதல் பஸ் அதற்குத் தோதாக வராது, வந்தாலும் நிற்காது. மேனேஜர் என்னை இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூன்றாவது தரம் சொல்ல மாட்டார், வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வயசில் நான் எங்கே போய் வேலை தேடுவேன்? வண்டி ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

எந்த வண்டி என்று கேண்டீனில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. "ஸ்கூட்டர் எடுங்கண்ணே, ஸ்டெப்னி இருக்கு, பஞ்சரானா நடுரோட்டுலயே கழட்டி மாட்டிட்டுப் போயிரலாம்" என்றான் ஒருவன். "சின்னச் சக்கரம்ணே அது, ஒரு குழியில விட்டா ஆளத் தட்டி விட்டுரும். மோட்டார் சைக்கிள்தான் ரோட்டப் பிடிச்சு ஓடும்" என்றான் இன்னொருவன். ஸ்கூட்டருக்கு இன்ஜின் ஒரு பக்கமாக இருப்பதால் சாய்ந்துகொண்டே ஓடும், மழையில் வழுக்கும் என்றான். மோட்டார் சைக்கிள் கிக்கர் திருப்பி அடித்தால் கால் எலும்பு தெறிக்கும் என்றான் முதலாமவன். உன் செக்‌ஷன் மாரிமுத்து கடைசியாக வந்து, "மைதீன் அண்ணனுக்கு ரெண்டும் வேணாம்ப்பா, ஒரு குதிர வண்டி பேசி விடுங்க" என்று முடித்துவைத்தான். நான் எல்லாரோடும் சிரித்தேன். உள்ளுக்குள்ளே ஒவ்வொருவன் சொன்ன ஒவ்வொரு சாவையும் நான் செத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூரு ஸ்கூட்டர் பக்கம். "முன்னால சின்னவ நிப்பா. நடுவுல பெரியவ. பின்னால நான். பெட்டியில மார்க்கெட்டுப் பைய வச்சுக்கலாம். சேறு தெறிக்காது, சேலை சக்கரத்துல மாட்டாது" என்று ஏற்கெனவே எல்லாரையும் ஏற்றி உட்கார வைத்துவிட்டாள். உன் வண்டியைப் பற்றி நான் வாயெடுத்ததும், "ஆளு மவுத்தான வீட்டு வண்டி நமக்கு வேணாங்க" என்றாள். நீ உன் வண்டியில் சாகவில்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியத்தான் செய்கிறது, ஆனாலும் வேண்டாமாம். அவளுடைய மாமு ஒத்தக்கடையில் இருக்கிறார். முட்டி வலியில் வண்டி ஓட்ட முடியாமல் தன் பெரிய ஸ்கூட்டரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். "ஒங்களுக்கு இல்லாததா மாப்பிள்ளை, எடுத்துட்டுப் போங்க" என்றார். முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

யானைமலைக்குக் கீழே ஒத்தக்கடையில் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். வீடு இன்னும் வரவில்லை, தெரு மட்டும் வந்திருக்கிறது. ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூருவும் பிள்ளைகளும் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருக்க, மாமு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். இடது கையில் கிளட்ச், அதே கையைத் திருகினால் கியர், வலது காலுக்குக் கீழே பிரேக். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது மாப்ள. மெதுவாகப் போய் மெதுவாக நிறுத்தினேன், எல்லாம் சரியாகவே இருந்தது. சின்னவள் கை தட்டினாள். பயம்கூடக் கொஞ்சம் இறங்கியது. கியரை மாற்றிக் கொஞ்சம் வேகமாக விட்டேன்.

கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு வெள்ளாடு குட்டியோடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன், நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். "பிரேக் பிடிக்கல, பிரேக் பிடிக்கல" என்று நானே கத்தியது என் காதில் விழுந்தது. ஆடு எப்படியோ தப்பிவிட்டது. நான் முள்ளுக்குள் போய் விழுந்தேன்.

மாமு முட்டி வலியை மறந்து ஓடி வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, வண்டியை நிமிர்த்தி, வலது பக்கப் பெடலைக் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். "பிரேக்கு கல்லு மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றார். நான் என் கால்களைப் பார்த்தேன். வலது கால் செருப்பு பேசாமல் இருந்தது. இடது கால் செருப்பின் வார் பிய்ந்து தொங்கியது. அவ்வளவு நேரமும் கால் வைக்கிற வெறும் பலகையைத்தான் மிதித்திருக்கிறேன்.

ஒரு பிளாட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்தேன். கையில் முள் தைத்த இடத்தில் ரத்தம் வந்தது, எனக்கு அது உறைக்கவில்லை. கப்பலூரில் என்ன நடந்தது என்று அந்தக் கல்லின் மேல்தான் எனக்குத் தெரிந்தது. மில்லில் இரண்டு வண்டியும் ஓட்டுகிறவர்கள் உண்டு, பழகிப் பழகி அவர்கள் கால் தானாக மாறிக்கொள்ளும். நீ அன்றுதான் முதல் தரம் ஸ்கூட்டரில் ஏறினாய். மாட்டைப் பார்த்ததும் இத்தனை வருசமாக மிதித்த காலால் மிதித்திருக்கிறாய். அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் நீயும் பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே நினைத்திருப்பாய்? கால்தான் ஏமாற்றிவிட்டது என்று தெரிந்ததா மாப்ள? தெரியாமலே போயிருந்தால் நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது.

உன்னுடைய சாவு என் காலுக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு மனுசன் எப்படி நிம்மதியாக நடப்பது? அன்றைக்குப் பஸ்சில் திரும்பி வரும்போது டிரைவர் பிரேக் அடிக்கிற போதெல்லாம் என் இடது கால் முன் சீட்டின் கம்பியை மிதித்தது. கையால் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் வாய்வுப் பிடிப்பா என்று கேட்டார்.

நூருவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோறு போட வந்தவள் திடீரென்று, "லாரி" என்றாள். என் இடது கால் தரையை மிதித்தது, தண்ணீர்ச் செம்பு உருண்டது. அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அதுவே வேலையாகிப்போனது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் "மாடு" என்பாள். பல் விளக்கிக்கொண்டிருந்தால் பெரியவள் வந்து "நாய்" என்பாள். ஒவ்வொரு தரமும் இடது கால்தான். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் நூரு, "சின்னவ குறுக்க ஓடுறாங்க" என்றாள். இடது கால் அப்படி மிதித்தது, கட்டில் நகர்ந்தது. வலது கால் அசையவே இல்லை.

அப்போது அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்களை ஸ்கூட்டர்ல ஏத்தாதீங்க. நீங்களும் ஏறாதீங்க" என்றாள்.

பழகினால் கால் மாறும் என்று மாமு சொல்கிறார். மாறும்தான். மாறிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாடு குறுக்கே வரும்போதுதான் தெரியும். இப்போது புதுசாக வருகிற மோட்டார் சைக்கிள்களிலும் பிரேக் வலது பக்கம் போய்விட்டதாம். இடது காலில் பிரேக் உள்ள வண்டி எனக்குக் கையெட்டுகிற தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன் வீட்டு வாசலில் சாக்குப் போட்டு மூடி நின்றது. "பேச்சிகிட்டயே போயிக் கேளுங்க" என்று நூருவே சொன்னாள்.

பேச்சிக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அதுவும் உனக்குச் சேதி. நான் போனபோது வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, மதினி நல்லா இருக்காங்களா" என்று பாயை விரித்தாள். வண்டியைக் கேட்டேன். "அதுக்கென்னண்ணே, சும்மா துருப்பிடிச்சுக் கெடக்கு. ஆனா ஒங்களுக்கு எதுக்கு இந்த எருமை? மதினி ஸ்கூட்டர் வேணும்னாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "என்னண்ணே, பயமா? எங்கண்ணன் மாதிரியா எல்லாரும் பிரேக் இல்லாத வண்டியக் குடுப்பாங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் வண்டி கைக்கு வந்திருக்கும். அவள் நீட்டிய பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். சொன்னால் உன்மேல் பழி போட்ட மாதிரி ஆகும். நீயும் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் தவசி தங்கச்சி புருசனைக் கொன்றவராகவே சாக வேண்டும். சொல்லிவிட்டேன் மாப்ள. ஆட்டிலிருந்து ஆரம்பித்து, முள், செருப்பு வார், நூரு வைத்த பரீட்சை எல்லாவற்றையும் சொல்லிக் கப்பலூரில் கொண்டுவந்து நிறுத்தினேன். முடிக்கிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப அவருக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்றீங்க" என்றாள்.

"இல்லம்மா. வாசல்ல நிக்கிற இந்த வண்டி அவனுக்கு ரொம்பத் தெரிஞ்சுபோச்சு. அதான்."

"வண்டி இங்கயே நிக்கட்டும்ணே. நீங்க போயிட்டு வாங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே வசந்தி நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருப்பாள். பெற்ற பிள்ளை காதில் விழும்படி இதைச் சொன்னோமே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வேலை போய்விடும் என்று ஒரு பயம். பேச்சி இனி என்னை அண்ணே என்று கூப்பிட மாட்டாள் என்று ஒரு பயம். எல்லாவற்றுக்கும் மேலே, நான் சொன்னது தப்பாக இருந்தால்? உன் கால் சரியாகவே மிதித்து, பிரேக் நிஜமாகவே பிடிக்காமல் போயிருந்தால்? யாரிடம் போய்க் கேட்பது? ஜும்மாவில் எல்லாரும் கையேந்தும்போது நான் உனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கேட்கலாமா கூடாதா என்று பள்ளிவாசல் அஸரத்திடம் விசாரிக்கவில்லை. விசாரித்துவிட்டு அவர் கூடாது என்றால் என்ன பண்ணுவது?

முந்தாநாள் சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். எட்டிப் பார்த்தேன். உன் வண்டி வந்துகொண்டிருந்தது. ஆரப்பாளையத்திலிருந்து அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார் தவசி, சட்டை பூராவும் நனைந்திருந்தது. பின்னால் பேச்சி. அவள் பக்கத்தில் வசந்தி புதுத் தாவணியில். யார் எடுத்துத் தந்த தாவணி என்று நான் கேட்கவில்லை, அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

தவசி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்தார். நூரு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பேச்சி கடைக்கே வந்துருச்சு மைதீனு. கல்லாவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, 'ஒன் பிரேக் நல்லாத்தான் இருந்துச்சாம்ணே'ன்னு சொல்லுது. சொல்லிட்டு அழுகுது. இத்தன நாளும் எனக்கே சந்தேகம்யா. அந்த வண்டிய விக்கவும் மனசு வரல, ஓட்டவும் மனசு வரல. கொட்டகையில போயி நின்னு பெடல மிதிச்சு மிதிச்சுப் பாப்பேன். பிடிக்கத்தானே செய்யுது, அன்னைக்கு மட்டும் பிடிக்காமப் போயிருக்குமோன்னு நெனப்பேன்." பேச்சி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "வண்டிய எடுத்துக்கங்கண்ணே. ஆனா ஒண்ணு சொல்லணும் நீங்க. இதுல ஏறிட்டீங்கன்னா வேற எவன் வண்டியயும் தொடக்கூடாது. மேனேஜரே சாவியக் குடுத்தாலும் தொடக்கூடாது. ஒரு தெரு தள்ளி விட்டுட்டு வான்னு சொன்னாலும் முடியாதுன்னுட்டு நடந்து போயிரணும்." சொல்லிவிட்டு வலது கையை நீட்டினாள். நூருவும் வந்து அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினாள். இரண்டு பேர் உள்ளங்கையிலும் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

இன்று விடிந்ததும் வைகைக் கரையோரமாக ஓட்டிப் பார்த்தேன். எருமை என்று பேச்சி சொன்னது சரிதான், உதைத்துக் கிளப்புவதற்குள் பனியன் நனைந்துவிட்டது. கியர் எனக்குத் தெரியாமல் தானாக ஒரு பக்கம் போகிறது. ஆனால் சலவைக்காரர் கழுதை ஒன்று குறுக்கே வந்தது, இடது கால் மிதித்தது, வண்டி நின்றது. கழுதை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. இந்தக் கால் இத்தனை நாள் பொய்யாகவே மிதித்துக்கொண்டிருந்தது. இன்றுதான் முதல் தரம் நிஜத்தை மிதித்திருக்கிறது.

நாளைக்கு வைகைக் கரை இல்லை, திருமங்கலம் ரோடு. இருட்டுப் பிரிவதற்குள் கிளம்ப வேண்டும். லாரிக்காரன் எதிரே விளக்கைப் போட்டுக்கொண்டு வருவான். தோண்டிப் போட்ட பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கப்பலூர் விலக்கு வரும். அந்த இடத்தைப் பஸ்சில் கடக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். நாளைக்குக் கண்ணை மூட முடியாது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது மாப்ள. நீ முன்னால் இருந்தால் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். இனி என் முன்னால் ரோடு மட்டும்தான்.

அடித்துச் சத்தியம் பண்ண உன் கை இல்லை, அதனால் எழுதித் தருகிறேன். உன் வண்டியைத் தவிர வேறு எந்த வண்டியின் ஹேண்டிலையும் நான் தொட மாட்டேன். தினமும் பயந்துகொண்டேதான் கிளம்புவேன். இனிமேல் பயமில்லை என்று என்றைக்காவது ஒருநாள் காலையில் தோன்றினால், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் பஸ்சில் போவேன். சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு வருவேன்.

பேச்சிக்கு அண்ணன், வசந்திக்கு மாமன்,
என்றும் உன் மாப்ள
மைதீன்